புத்தகத்தில் ஒரு கட்டம். அதற்குள் தாய்மொழிப் பாடம்!

மராட்டிய மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர், பரிதேவாடி. 2009-ம் ஆண்டு ரஞ்சித்சிங் டிசலே அங்கு ஆசிரியராக வந்தார். மாட்டுக் கொட்டிலுக்கும் சேமிப்பு அறைக்கும் நடுவே ஒரு பாழடைந்த கட்டிடம். அதுதான் பள்ளிக்கூடம்!

மாணவிகள் வீட்டில் பேசுவது கன்னடம். பாடப்புத்தகமோ அந்த மொழியில் இல்லை. பாடம் எப்படிப் புரியும்? டிசலே கன்னடம் கற்றார். 1 முதல் 4-ம் வகுப்பு வரையிலான புத்தகங்களைத் திருத்தி அமைத்தார்.

கறுப்பு-வெள்ளைக் கட்டம்

பக்கங்களில் 'கியூ.ஆர். கோடு' பதித்தார். கடைகளில் செல்போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்களே, அதே போன்ற கட்டம்தான். செல்போனைக் காட்டினால் பாட்டு, கதை, விளக்கப் படம் எல்லாம் வரும். புரியாவிட்டால் மறுபடியும் கேட்கலாம்.

மாநிலம் முழுவதும் இத்தகைய பாடப்புத்தகம் வரும் என்று 2017-ல் அரசு அறிவித்தது. 2020-ல் டிசலேவுக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. தொகை 10 லட்சம் டாலர். அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்!

அப்பாவின் சட்டைப் பையில்

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் 2018 முதல் இந்தக் கட்டம் வந்துவிட்டது. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளையும் தமிழ்ப் பாடத்தைக் காதால் கேட்கலாம். ஆனால், வீட்டில் இருப்பது ஒரே செல்போன் என்றால், அது காலையிலேயே அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது.

இரவு வீடு திரும்பியதும் அதை அரை மணி நேரம் பிள்ளையிடம் கொடுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.