தவிடு கலந்த கணக்கு

பல்லேபொலயில் என் வீட்டுக்குப் பின்னால் 300 புரொயிலர் குஞ்சுகள் வளர்க்கக்கூடிய சிறிய கொட்டில் ஒன்று இருக்கிறது. எனக்குக் கடைதான் பிரதான தொழில், கோழி பக்கத் தொழில். 2022இல் அந்தப் பக்கத் தொழில் கடையின் முதலையே தின்னப் பார்த்தது.

அந்த வருடம் யாருக்கும் மறந்திருக்காது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியும் அடுத்த பெரும்போகச் சோளம் விழுந்துவிட்டது. சோயாப் புண்ணாக்கு கொண்டுவர டொலரும் இல்லை. கோழித்தீன் விலை ஏறிக்கொண்டே போனது. நான் ஒரு 'புத்திசாலித்தனம்' செய்தேன். இரண்டு மூடை ஸ்டார்ட்டர் தீனுக்கு ஒரு மூடை அரிசித் தவிடு கலந்தேன்.

ஏழாம் நாள் நிறுத்துப் பார்த்தேன். 160 கிராமுக்கு மேல் இருக்க வேண்டிய குஞ்சு 110 கிராம்தான். ஆனால் தீன் தட்டு காலியாகிக்கொண்டே இருந்தது. மாத்தளையில் பல வருடம் கோழி வளர்த்த நானா ஒருவரிடம் சொன்னேன். வந்து ஒரு குஞ்சின் இரைப்பையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, வயிறு நிறைஞ்சிருக்கு, சாப்பாடுதான் இல்ல" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். ஸ்டார்ட்டரில் புரதம் ஏறக்குறைய 22 வீதம். உமி கலந்த தவிட்டில் 10 வீதம் இருந்தால் பெரிது. என் கலவை 18 வீதத்துக்கு இறங்கிவிட்டது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 1994ஆம் ஆண்டு அட்டவணைப்படி, முதல் மூன்று வாரத்துக்கு 23 வீதம் வேண்டும். 18 வீதம் என்பது ஆறு வாரம் கடந்த கோழிக்குரியது. பிறந்த பிள்ளைக்குப் பெரியவரின் சோற்றை ஊட்டியிருக்கிறேன்!

சக்தியும் குறைந்துவிட்டது. கோழி தனக்குத் தேவையான சக்தி கிடைக்கும்வரை தின்னும். வளர்ந்த கோழி கூடத் தின்று ஓரளவு சமாளிக்கும். குஞ்சின் வயிற்றில் அதற்கு இடமில்லை. தவிட்டின் நார்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் எண்ணெய் ஊற்றிச் சக்தியை மட்டும் கூட்டினால்? அதையும் யோசித்தேன். குஞ்சு சீக்கிரம் திருப்திப்பட்டுக் குறைவாகத் தின்னும். புரதம் இன்னும் குறையும். சதைக்குப் பதில் கொழுப்பு சேரும். புரதத்தை மட்டும் அள்ளிப் போட்டாலும் நட்டமே. மிஞ்சியது எச்சத்தோடு வெளியேறி, உமிப் படுக்கை ஈரமாகி, கொட்டிலில் கண் எரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக ஏற வேண்டும். புரதத்திலும் லைசின், மெதியோனின் இரண்டும் போதாவிட்டால் மீதி புரதம் வீண். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 வீதப் புரதம் இருந்தும் அது சோயாவுக்கு ஈடாகாதது இதனால்தான். அதில் லைசின் குறைவு.

வியாபாரிகளான நமக்கு மூடை விலைதான் முதலில் கண்ணில் படுகிறது. நல்ல தீன் கிலோ 100 ரூபாய், தவிடு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கலவை 83 ரூபாய். ஆனால் ஒரு கிலோ உயிர்நிறைக்கு நல்ல தீன் 1.7 கிலோ போதும், செலவு 170 ரூபாய். என் கொப்பிப்படி கலவை 2.3 கிலோ போனது, செலவு 191 ரூபாய். 35 நாளில் விற்க வேண்டியவற்றை 45 நாள் வரை வைத்திருந்தேன். அந்தப் பத்து நாளின் மின்சாரமும் தண்ணீரும் இதில் சேரவில்லை.

இப்போது தவிடு மாட்டுக்குப் போகிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மூன்று வாரம் கழித்து, பினிஷர் தீனில் பார்க்கிறேன். கொட்டில் வாசலில் தராசு தொங்குகிறது. கடைசியாக வந்த குஞ்சுகள் ஏழாம் நாளில் 168 கிராம்.