மலையாற்று வெள்ளக் கணக்கும் ஆற்றோரத்தார் உரிமையும்

மலையாற்றின் குறுக்கே எழும் அணையோ பாலமோ ஓர் எண்ணை நம்பித்தான் கட்டப்படுகிறது. வினாடிக்கு அதிகபட்சம் எத்தனை கன மீட்டர் வெள்ளம் வரும் என்ற மதிப்பீடே அந்த எண். அது குறைந்துபோனால் வரும் இழப்பு கரையோரத்தாருக்குத்தான்.

பல ஆண்டுப் பதிவு இருந்தால், ஒவ்வோர் ஆண்டின் உச்ச வெள்ளத்தையும் வரிசைப்படுத்திப் புள்ளியியல் முறையில் கணிக்கிறார்கள். ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பெயர் இங்கிருந்து வருகிறது. பலரை ஏமாற்றும் பெயரும் இதுவே. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதல்ல, எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புண்டு என்பதே பொருள். ஆற்றோரத்தில் 30 ஆண்டு குடியிருப்பவர் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். பதிவு இல்லாத ஆற்றில் மழைச் செறிவு, நீர்பிடிப்புப் பரப்பு, நிலத்தில் ஊறாமல் ஓடிவரும் பங்கு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். பெரிய அணைகளுக்கு, வரக்கூடிய உச்சபட்ச வெள்ளத்தையே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

மலையில் இந்த முறைகள் எல்லாமே தடுமாறுகின்றன. மழைமானிகள் சாலை எட்டும் பள்ளத்தாக்கில் இருக்கும். கனமழையோ மேலே சரிவுகளில் கொட்டும். செங்குத்தான ஓடைகளில் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால், ஒரு நாள் மழையின் மொத்த அளவு அதிகம் உதவாது. பெருவெள்ளம் அளவுகோலையே அடித்துச் சென்றால், எது மிகவும் தேவையோ அந்த எண்தான் பதிவில் இருக்காது. பிறகு கரையில் படிந்த வெள்ளத்தடத்தையும் ஆற்றின் சரிவையும் வைத்துத்தான் ஓட்டத்தைக் கணிக்க முடியும். பாறைகள் உருண்டு படுகை மாறியிருந்தால் அதுவும் தோராயமே.

இவையெல்லாம் மழையால் வரும் வெள்ளத்துக்கு; பனிஏரி உடைந்து வரும் வெள்ளம் வேறு வகை. சிக்கிமில் 2023 அக்டோபர் 3 இரவு, சுமார் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள தெற்கு லோனாக் பனிஏரிக்குள் கரைச்சரிவு இடிந்து விழுந்தது. ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம், சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. ஆபத்தான ஏரி என்பது முன்பே தெரிந்த செய்திதான்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொது விசாரணை தேவைப்படும் திட்டங்களில் மக்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும்; அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். எத்தனை ஆண்டுப் பதிவு, அளவு நிலையம் எங்கே, பனிஏரி உடைப்பு கணக்கில் சேர்ந்ததா என்று அங்கே கேட்கலாம்.

இத்தகவல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாளில் பதில் வரவேண்டும். ஆனால் தீஸ்தா ஆறு பிரம்மபுத்திரா படுகையைச் சேர்ந்தது. எல்லை கடந்து ஓடும் இத்தகைய ஆறுகளின் நீரோட்டத் தரவு இரகசியம் என்று மறுக்கப்படக்கூடும். எனவே மூலத் தரவோடு நிற்காமல், வடிவமைப்பு வெள்ளத்தின் அளவையும் கணக்கிட்ட முறையையும் தனியே கேட்பது நல்லது. ஒரு பகுதி மறுக்கப்பட்டாலும், மறுக்கத் தேவையில்லாத எஞ்சிய பகுதியைத் தர 10ஆம் பிரிவு இடமளிக்கிறது.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 அதன் வரம்புக்குள் வரும் அணைகளின் உரிமையாளர்கள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. புது அணையில் அது நீர் நிரப்பும் முன்பே ஆயத்தமாக வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்கப்படும். சுற்றுச்சூழல் பாதிப்பால் நேர்ந்த இழப்புக்கு அங்கே நிவாரணம் கோர 5 ஆண்டு அவகாசம் உண்டு.