நான்கு எழுத்தில் ஓர் ஏழை

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளேடொன்றில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட சொற்கட்டம், இன்று குறுக்கெழுத்துப் போட்டி என்ற பெயரில் நம் இல்லங்களிலும் பொழுதைப் போக்கி வருகிறது. அதில் இப்படியொரு குறிப்பு வந்ததாக வைத்துக் கொள்ளுங்கள்: 'மேலிருந்து கீழ்: ஏழையைக் குறிக்கும் அரபுச் சொல். நான்கு எழுத்துகள். மூன்றாம் எழுத்து கீ.'

என்ன எழுதுவீர்கள்? 'மிஸ்கீன்' என்பார் ஒருவர். 'பக்கீர்' என்பார் மற்றவர். இரண்டும் கட்டத்தில் பொருந்தும். ஆனால் திருமறை இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரைக் கூறும் 9:60 வசனம் ஃபுகராக்களை முதலிலும் மஸாகீன்களை அடுத்தும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

முதுகெலும்பின் கண்ணிகளைக் குறிக்கும் அரபுச் சொல்லும் 'ஃபகீர்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. வறுமை முதுகை முறித்துப் போட்டவர் என்று மொழியறிஞர் சிலர் விளக்குவர். 'மிஸ்கீன்' என்பதன் வேரோ அசைவின்மை. இல்லாமை அவரை ஓரிடத்தில் முடக்கி அமர்த்திவிட்டது.

இவ்விருவரில் அதிகம் நலிந்தவர் யார்? இமாம்கள் இங்கே வேறுபடுகின்றனர். ஏதுமே இல்லாதவர் மிஸ்கீன், நிஸாபுக்குக் குறைவாகச் சிறிது உடையவர் பக்கீர் என்பது ஹனஃபி மத்ஹபின் கூற்று. ஷாஃபிஈ மத்ஹபோ பக்கீரே மிகவும் நலிந்தவர் என்கிறது. தேவையில் பாதியையும் எட்டாதவர் அவர். பாதிக்கு மேல் கிடைத்தும் முழுமைக்குப் போதாதவர் மிஸ்கீன். ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழும் நம் தமிழகத்தில் இரு விளக்கங்களையுமே பள்ளிவாசல்களில் கேட்கலாம்.

ஷாஃபிஈ அறிஞர்கள் காட்டும் சான்று சுவையானது. அல்கஹ்ஃபு அத்தியாயத்தில், கடலில் பாடுபட்டு வந்த மஸாகீன்களின் மரக்கலம் பேசப்படுகிறது (18:79). சொந்தமாகக் கலம் இருந்தும் இறைவன் அவர்களை மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறான்! அவ்வாறாயின், தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, தைத்த கூலியில் பாதி மாதத்தையே ஓட்டுகின்ற உங்கள் தெருப் பெண்மணியை, 'அவளுக்கென்ன, மிஷின் இருக்கிறதே' என்று பட்டியலிலிருந்து நீக்குவது எப்படி?

நம் பேச்சுவழக்கு இச்சொற்களை வேறிடத்திற்குக் கொண்டுபோய்விட்டது. கையேந்தி வாசலில் நிற்பவரே நமக்கு மிஸ்கீன். தாயிரா கொட்டிச் சஹருக்கு எழுப்பி வரும் பெரியவர்களைப் பக்கீர்சா என்கிறோம். (பக்கீர் முஹம்மது என்று பிள்ளைக்குப் பெயரிடுவோரும் நாமே, அங்கே அச்சொல் இறைவன்பால் தேவையுடையவர் என்ற உயர்பொருளைப் பெற்றுவிடுகிறது.)

ஆனால், ஓரிரு கவளங்களுக்கும் ஓரிரு பேரீச்சம்பழங்களுக்கும் மக்களிடையே சுற்றி வருபவர் மிஸ்கீன் அல்லர். போதிய வசதியின்றியும், பிறர் தம் நிலையை அறியாதவாறும், எவரிடமும் கேளாமலும் இருப்பவரே மிஸ்கீன் என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் இது. ரமலானில் நம் வீட்டு வாசலில் நீளும் வரிசையைப் பார்த்து மட்டும் ஜகாத்தைப் பங்கிடுவோமாயின், இந்த விளக்கத்திற்குரியவர் அவ்வரிசையில் இருக்கவே மாட்டார். மஹல்லாவில் வீடுவீடாக விசாரித்து, பெயரை வெளியிடாமல் கொண்டு சேர்ப்பதற்கு ஆளும் நேரமும் வேண்டும். நம்மில் பலர் அதற்குத்தான் சோம்புகிறோம்.

எஞ்சிய வகையினரில் கடன்பட்டோரும் உண்டு. குறிப்பில் 'கடன்காரர்' என்று மட்டும் போட்டுவிட்டால் சிக்கல். தமிழில் கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர்! எட்டாவதாக வருபவர் 'இப்னுஸ் ஸபீல்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாதையின் மகன்'. ஊரில் வீடும் வயலும் உடையவராயினும், பயணத்தில் கைப்பொருளின்றித் தவிக்கும் வேளையில் ஊர்போய்ச் சேருமளவிற்கு அவருக்கும் ஜகாத்தில் பங்குண்டு. தமிழில் அவரை வழிப்போக்கர் என்று எழுத ஏழு கட்டங்கள் வேண்டும்.