கண்டியரசின் வீழ்ச்சி

இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட காலத்தும், மலைநாட்டிலே முடி தாழாது நின்றது கண்டி இராச்சியம். அவ்வரசு 1815ஆம் ஆண்டில் நாற்பது நாட்களுக்குள் ஆங்கிலேயர் வசமாயிற்று. படைவலியே அதற்குக் காரணம் என்பார் உளர். அது பொருந்தாமையை முந்திய போரே காட்டும்.

1796இல் ஒல்லாந்தரின் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1803 பெப்ருவரியிற் கண்டிநகருட் புகுந்தனர். மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் முன்னரே அகன்றுவிட, முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனை அவர்கள் அரியணையேற்றினர். ஆயின் காய்ச்சல் படையை வாட்டியது. மக்களும் புதிய அரசனை ஏற்றிலர். யூன் மாதத்திற் காவற்படை சரணடைந்தது. முத்துசாமி மன்னன் ஆணையாற் கொல்லப்பட்டான். மகாவலி கங்கைக் கரையிற் படையினருட் பெரும்பாலாரும் மடிந்தனர். மலையும் காடும் நோயும் அரணாக நின்ற நாட்டை வாளால் மட்டும் வெல்லல் அரிது என்பது அன்று புலனாயிற்று.

பின்னர் அவ்வரண் உள்ளிருந்தே திறக்கப்பட்டது. 1798இல் கண்ணுசாமி என்ற இளைஞனை அரசனாக்கியவன் மகா அதிகார் பிலிமத்தலாவை. அரசனைத் தன் கைப்பாவையாக்க எண்ணிய அவன், அது கைகூடாமையால் ஆங்கில ஆள்பதி நோத்துடன் மறைவிற் பேசினான். ஈற்றில் மரணதண்டனை பெற்றான். அவனுக்குப்பின் வந்த எகலப்பொல 1814இல் சபரகமுவையிற் கிளர்ந்தெழுந்து, கொழும்புக்கு ஓடினான். கண்டியிலிருந்த அவன் மனைவி மக்களை மன்னன் கொல்வித்தமை குடிகளின் நெஞ்சையும் மன்னனிடமிருந்து பிரித்தது. சிங்களம் கற்றிருந்த ஜோன் டொயிலி என்னும் உத்தியோகத்தர் பிரதானிகளோடு ஓலைத் தொடர்பு வைத்து இப்பிளவை வளர்த்தார். 1815 சனவரியில் ஆள்பதி பிறவுண்றிக் போர் அறிவித்தபோது, எதிர்க்க வேண்டிய மொல்லிகொடையும் அவர் பக்கம் சார்ந்தான். பெப்ருவரி 14இல் ஆங்கிலேயர் நகரை அடைந்தனர். 18இல் தும்பறைப் பகுதியில் மன்னன் பிடிபட்டான்.

மார்ச்சு 2ஆம் நாள், கண்டி அரண்மனையின் மகுல் மடுவ எனும் கொலுமண்டபத்தில் உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. அதன் பன்னிரண்டு உறுப்புக்களும் பௌத்த சமயத்துக்குக் காப்பும், பிரதானிகளின் உரிமைகளுக்கு உறுதியும் கூறின. அரசுரிமையோ பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. ‘மலபார்’ குலத்தாரின் அரசுரிமை ஒழிந்ததெனவும் அதிற் பொறிக்கப்பட்டது.

இக்கூற்று ஆராயத்தக்கது. மதுரைத் தொடர்புடைய நாயக்கர் 1739 முதல் நால்வர் கண்டியை ஆண்டனர். அவருட் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலேயே, 1753இல், சீயத்திலிருந்து பிக்குமார் வருவிக்கப்பட்டு அற்றுப்போன உபசம்பதை மீட்கப்பட்டது. எழுபத்தாறு ஆண்டுகள் ஏற்கப்பட்ட மரபு ஒரு நாளில் அந்நியமாயிற்று என்றல் யாங்ஙனம்? குலப்பெயர் ஈண்டுக் காரணமன்று, கருவியே.

1817இல் ஊவா, வெல்லசப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சி இதற்குச் சான்று. புதிய ஆட்சியை எதிர்த்தெழுந்தோர் அரசனாகக் கொண்ட வில்பாவை என்பான், தன்னை நாயக்கர் வழிவந்த துரைசாமி என்றே கூறிக்கொண்டான்! நாயக்கரை நீக்கிய நாடு மூன்றாண்டிற்குள் நாயக்கப் பெயரையே நாடியது. கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிய கெப்பட்டிப்பொல 1818 நவம்பரிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். அதே மாதத்து ஆள்பதியின் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களைப் பெரிதுங் குறைத்தது. இரு திறத்தார் ஒப்பிய உடன்படிக்கையை ஒரு திறத்தார் தம் ஆணையால் மாற்றினர்.

இம்முறை கண்டிக்கே உரியதன்று. 1757இல் பிளாசியில் மீர் ஜாபரின் பேராசையும், 1799இல் தஞ்சையில் சரபோசி, அமர்சிங் இருவரின் உரிமைப் பிணக்கும் ஆங்கிலேயருக்கு வாயிலாயின. உட்பகையே முதலாக, ஓலையே கருவியாக, உடன்படிக்கையே முடிவாக அவர் அரசு பரந்தது.

மன்னன் வேலூர்க் கோட்டைச் சிறையில் 1832இல் இறந்தான். முடியை எதிர்நோக்கிய எகலப்பொலவும் ஆங்கிலேயரின் ஐயத்துக்கு ஆளாகி, மொறிசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் ஆங்கே மாண்டான். அழைத்தவனுக்கும் அழிந்தவனுக்கும் பிறநாட்டு மண்ணே கிடைத்தது. வீட்டு வழக்கைத் தீர்க்க அயலானை அழைப்போர், வீட்டையே வழக்குக்கு ஈடாக வைக்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.