குழந்தை செய்யும் புத்தகம்



உங்கள் இல்லத்தில் நான்கைந்து வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், சுவரெல்லாம் கரிக்கோடு கிழிப்பதைக் கண்டிருப்பீர்கள். "இது என்ன?" என்று கேளுங்கள். "யானை ஆற்றில் குளிக்கிறது" என்று விடை வரும். நமக்குக் கிறுக்கலாகத் தோன்றுவது குழந்தைக்குக் கதை. மனத்தில் உள்ளதைக் கோட்டில் நிறுத்தலாம் என்னும் உண்மையை, அகரம் அறியுமுன்பே அது உணர்ந்துவிட்டது.

அடுத்து எழுத்துகள் தோன்றும். காதுக்கு எட்டிய ஒலியை மட்டுமே குழந்தை எழுதும். நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் சிலேட்டில் "தோட்டதில் பாபு வந்தது" என எழுதி ஓடிவந்து காட்டினான். அவன் கண்டது பாம்பு. மகர மெய் அடுத்துள்ள எழுத்தோடு ஒட்டி ஒலிப்பதால், அவன் செவிக்கு அது தனியே புலப்படவில்லை. இரு பிழைகளையும் திருத்தி, "ஐந்து முறை எழுதி வா" என்றேன். பாம்பு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சொன்னபடி எழுதி வந்தான். ஆனால் அதன்பின் தானாக ஒரு வரியும் எழுதிக் காட்டவில்லை. அன்று பிழை செய்தவன் நானே.

தம் எழுத்தைப் படிப்பார் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு எழுதுவார்கள் என்பதற்கு, இங்கிலாந்து நாட்டுக் குடும்பம் ஒன்று சான்றாகும். யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவர்த் என்னும் ஊரில் வாழ்ந்த பிராண்டே என்ற பாதிரியார், 1826-இல் தம் மகனுக்கு 12 மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். பிள்ளைகள் அப்பொம்மைகளுக்குப் பெயரிட்டு, நாடுகள் படைத்து, அவ்வீரர்கள் கையிற் பிடிக்கும் அளவில் புத்தகங்களும் செய்தனர். 1830-இல், 14 வயதில், சார்லட் செய்த ஓர் இதழ் ஏறக்குறைய தீப்பெட்டியளவே. அதன் 20 பக்கங்களில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அவர்களுடைய இளமை எழுத்துகளில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. எனினும் ஒருவர் எழுதியதை மற்றவர் ஆவலோடு படித்தனர். அச்சார்லட் எழுதிய 'ஜேன் அயர்' 1847-இல் வெளிவந்து, இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது.

எல்லாக் குழந்தைகளும் நாவலாசிரியர் ஆகவேண்டுவதில்லை. ஆயினும் தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்று ஒவ்வொரு குழந்தையும் அறிதல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நான்கு தாள்களை நடுவே மடித்து ஊசிநூலால் தைத்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். பழைய நாட்காட்டியின் தடித்த தாளை மேலட்டையாக்கி, அதில் குழந்தையின் பெயரை எழுதுங்கள். அது படம் வரையட்டும்; சொல்லும் கதையைச் சொல் மாற்றாமல் கீழே எழுதிக்கொடுங்கள். தானே எழுதினால் விட்டுவிடுங்கள். பின்னர்ப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ அதனை உரக்கப் படித்துக் காட்டச் செய்யுங்கள். தான் பேசிய சொல்லே எழுத்தாக நிற்பதைக் காணும் குழந்தைக்குப் படிப்பும் எழுத்தும் சேர்ந்தே வரும்.

பிழை திருத்தவேண்டாவா? வேண்டும். நீங்கள் எழுதிக்கொடுக்கும் அடுத்த கதையில் 'பாம்பு' சரியாக இருக்கட்டும். பலமுறை கண்டபின் குழந்தையே திருத்திக்கொள்ளும். அதற்கு முன், அந்தப் பாம்பு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.