சீசாவின் மேல் ஒட்டிய சீட்டு

புற்றுநோய் ஆராய்ச்சி என்றதும் மைக்ராஸ்கோப்பின் முன் குனிந்திருக்கும் ஒரு மேதையின் உருவமே நம்மில் பலருக்குக் கண் முன் தோன்றும். மேதை வேண்டியதுதான். ஆயினும் அவருடைய உழைப்பு பலிப்பதும் பாழாவதும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தின் நிர்வாகத்தைப் பொறுத்தவை. பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் நோயாளிகள் வருவதை மும்பைவாழ் தமிழர் நன்கு அறிவர். அவர்களுக்கு நாளை கிடைக்க வேண்டிய மருந்தின் கதை, ஒரு சிறு சீசாவின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்து தொடங்குகிறது.

அம்மருத்துவமனையின் அருகிலேயே 1952-இல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் தோன்றியது. டாக்டர் கானோல்கர் அதன் முதல் இயக்குநர். அங்குப் பணியாற்றிய டாக்டர் கமல் ரணதிவே என்னும் அம்மையார், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜார்ஜ் கே என்பவரிடம் திசு வளர்ப்புக் கலையைக் கற்றுத் திரும்பி, நம் நாட்டில் அத்துறைக்கு வித்திட்டார். 1966-இல் மையத்தின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. அன்றைய மையத்தின் வாரிசாக இன்று நவி மும்பையின் கார்கரில் ஆக்ட்ரெக் நிறுவனம் இயங்கி வருகிறது.

உயிரணுக்களை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது போன்றது. 37 டிகிரி வெப்பமும், நூற்றுக்கு 5 பங்கு கரியமில வாயுவும் கொண்ட பெட்டியில் அவற்றை வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை ஊட்ட நீரை மாற்ற வேண்டும். நெடுங்காலம் சேமிக்க வேண்டுமாயின், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். அதுவும் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். தீபாவளியன்று ஊட்ட நீர் மாற்றுவது யார், மின்சாரம் நின்றால் ஓடி வருவது யார் என்பதை முன்னதாகவே வகுத்து வைப்பது தலைவரின் கடமை.

இவற்றினும் பெரிய அபாயம் கலப்படம். 1951-இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் கட்டியிலிருந்து ஜார்ஜ் கே வளர்த்தெடுத்த ‘ஹீலா’ உயிரணுக்கள் வெகு வேகமாகப் பெருகுபவை. குடம் பாலில் ஒரு துளி மோர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நம் இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாறே ஒரு துளி ஹீலா வேறொரு சீசாவில் தவறி விழுந்தால், சில வாரங்களில் அச்சீசா முழுவதும் ஹீலாவே ஆகிவிடும். சீட்டு மட்டும் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். வெவ்வேறு பெயர்களில் வழங்கிய பல உயிரணு வகைகள் உண்மையில் ஹீலாவே என்று 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக் காட்டியபோது விஞ்ஞான உலகம் திகைத்தது. மார்பகப் புற்று என்று நம்பப்பட்டு உலகெங்கும் பயன்பட்ட ‘எம்.டி.ஏ.-எம்.பி.-435’ என்னும் வகை, மெலனோமா என்ற தோல் புற்றைச் சேர்ந்தது என்ற ஐயம் 2000-இல் எழுந்து, பின்னர் உறுதியாயிற்று. எத்தனை பேருடைய உழைப்பு! எத்தனை ஆண்டுகள்!

இதற்குப் பரிகாரம் எளியதே. ஒரு வேளையில் ஒரு வகை உயிரணுவை மட்டுமே கையாள வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஊட்ட நீர் வேண்டும். சீட்டில் பெயரும் தேதியும் கையாண்டவர் அடையாளமும் இருத்தல் அவசியம். புதிதாக வந்த உயிரணுவை மரபணுச் சோதனை செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமிக்கும் அவ்வப்போது சோதனை தேவை.

ஆனால் விதிகள் மட்டும் போதா. கை தவறிய மாணவி, “ஐயா, இந்தச் சீசாவில் எனக்கு ஐயமாக இருக்கிறது” என்று அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய சூழ்நிலை வேண்டும். சீறி விழும் தலைவரிடம் யாரும் உண்மையைச் சொல்லார். சொல்லாத பிழை கட்டுரையாகி அச்சேறும். அதை நம்பிப் பிறர் மேலும் கட்டுவர். கொட்டிவிட்ட சீசாவால் சில வாரங்களே நஷ்டம். மறைத்த சீசாவால் நஷ்டமடைபவர் படுக்கையில் காத்திருக்கும் நோயாளி.

மற்றொன்றும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும். ஹென்ரியேட்டாவின் சம்மதம் கேளாமலே அவருடைய திசு எடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தார் அதை அறியவில்லை. இன்று நம் நாட்டில் நோயாளியின் சம்மதமும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இன்றித் திசுவை ஆராய்ச்சிக்கு எடுத்தல் முறையன்று. நீட்டிய தாளில் உடனே கையெழுத்திட வேண்டாம். எதற்காக எடுக்கிறார்கள் என்று புரிகிற மொழியில் கேளுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்ததற்காகச் சிகிச்சை குறையலாகாது.

நம் பிள்ளைகள் பலர் இன்று உயிரியல் பயின்று இத்தகைய கூடங்களில் சேர விரும்புகின்றனர். பெரிய கருவிகளைக் கண்டு மயங்காமல், அங்கே சீட்டு ஒழுங்காக ஒட்டப்படுகிறதா, பிழையைச் சொன்னவர் மதிக்கப்படுகிறாரா என்று விசாரித்து அறியும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள். நல்ல விஞ்ஞானம் வளரும் இடம் அதுவே.