தேனிலவுக்குத் தேரிக்காடு போகலாமா?

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குத் திருமணம் முடிந்ததும் வரும் கேள்வி, "தேனிலவுக்கு எங்கே?" என்பதுதான். பாலைவனத்தில் நடக்க வேண்டும், புதிய ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க வேண்டும் என்று ஆசை. உடனே துபாய், ராஜஸ்தான் என்று பேச்சு எழும். ஆனால் கையில் இருப்பதோ கல்யாணச் செலவு போக மிஞ்சிய பணமும் சில நாள் விடுப்பும்தான். சட்டப்படி, ஓராண்டு வேலை செய்து இரண்டாண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள்.

இதற்குள் அடங்கும் ஓர் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

தேரி என்பது என்ன?

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளே தேரிக்காடு. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று சேர்த்த மணல் இது. இரும்புச் சத்தால் சிவந்திருக்கிறது. மழை பெய்வதாலும், பனையும் முந்திரியும் வளர்வதாலும் இதை முழுப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். அதற்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு நீர்ச்சுனையும் உண்டு!

பாலை பிரிவுக்குரிய திணையாயிற்றே, புதுமணத் தம்பதிக்கு ஆகுமா என்று பெரியவர்கள் கேட்கலாம். காதலர் இருவர் ஊரைவிட்டுச் சேர்ந்து நடக்கும் உடன்போக்கையும் நம் முன்னோர் பாலையில்தான் வைத்தார்கள்.

எப்போது போவது?

பள்ளி விடுமுறை என்று டிசம்பரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, வட்டாரமே வெள்ளத்தில் மிதந்தது. ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி இறைக்கும். பிப்ரவரிக் கடைசியும் மார்ச் தொடக்கமும் தோதானவை. திருச்செந்தூரில் மாசித் திருவிழா எந்த நாளில் வருகிறது என்று பார்த்து அறை பதிவு செய்யுங்கள். விசாவையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நடப்பது எப்படி?

மணலில் நடக்கத் தார்ச்சாலையில் நடப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல் சக்தி தேவை. ஆகவே விடியலில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி கட்டாயம். எல்லா மேடும் ஒன்றுபோல் தெரிவதால் வழி தவறும். உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். சில பகுதிகள் காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

என்ன சாப்பிடலாம்?

பனங்காட்டில் முதல் மரியாதை பதநீருக்கு. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது புளித்துக் கள்ளாவதில்லை. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் தெங்கிரி என்று சொல்லும் மீனை அங்கே சீலா என்பார்கள். தூத்துக்குடியில் அந்தக் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் வீட்டுக்கு வாங்கிவர ஏற்றது.

உறவினர் வீடுகள்

இங்கேதான் பல தேனிலவுகள் கெடுகின்றன. "அவ்வளவு தூரம் போகிறீர்கள், சித்தப்பா வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று ஆரம்பித்தால் எட்டு நாளும் விருந்திலேயே கரைந்துவிடும். உறவுக்கு ஒரே நாள் என்று புறப்படும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அதைப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது அந்தந்த வீட்டுப் பிள்ளையின் பொறுப்பு. மருமகள் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போடும் முதல் வரவு செலவுத் திட்டம் தேனிலவு. இருவரும் ஒரே தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். கடன் வாங்காமல் எட்டு நாள் போக முடியாவிட்டால் ஐந்து நாளாகக் குறையுங்கள். ஊர் திரும்பிய மாதமே தவணை கட்டத் திணறும் வீட்டில் தேனும் இருக்காது, நிலவும் இருக்காது.